பூட்டிய வீட்டுக்கு வரி கூடுமா, குறையுமா?

வாசகர் கேள்வி:

தம்பிக்கு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று மும்பை முலுண்டில் என் பெயரில் உள்ள பிளாட்டில் இருக்கிறேன். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு உண்டு. வாடகைக்கு இருந்தவர் போன ஜனவரியில் காலி செய்துவிட்டார், அதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் அப்பா சம்பாதித்துக் கட்டிய ஓட்டு வீடு ஒன்றும் இருக்கிறது. அப்பா 2011இலும் அம்மா 2018இலும் காலமாகிவிட்டார்கள், உயில் இல்லை. நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கொரு பங்கு. தங்கையைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரும்போது நாலு நாள் கல்லிடையில் தங்குவோம், அவ்வளவுதான். மனைவி பெயரில் மூலைக்கரைப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் சின்ன வீடு, அதுவும் பூட்டுத்தான்.

பாளை வீட்டுக்கு அரையாண்டுக்கு 1,200 ரூபாயாக இருந்த வரி இப்போது 2,100ஐத் தாண்டிவிட்டது. வீடு காலியாகக் கிடப்பதால்தான் கூட்டிவிட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கார்டிஃபில் இருக்கும் மகன், அங்கே இரண்டாவது வீட்டுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வரி என்றும், இங்கும் அது வரும், விற்றுவிடுங்கள் என்றும் சொல்கிறான். இது உண்மையா? பூட்டியிருக்கும் காலத்துக்கு வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? கல்லிடை வீட்டின் பின்கட்டும் தொழுவும் 2023 டிசம்பர் மழையில் விழுந்துவிட்டன, அதிலிருந்து அந்த வீட்டுக்கு வரி கட்டவில்லை. மொத்தமாக இடித்துப் போட்டால் வரி நின்றுவிடுமா? பாபநாசம், மணிமுத்தாறு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்கிறார் மருமகன். மூன்று வீடு இருந்தால் வருமான வரியிலும் தொந்தரவு வருமாமே?

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். பூட்டிக் கிடக்கிறது என்பதற்காகவோ, ஒருவருக்கு இரண்டாவது வீடு என்பதற்காகவோ சொத்து வரியைக் கூட்டும் விதி தமிழ்நாட்டில் கிடையாது. வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, எத்தனை சதுர அடி, என்ன வகைக் கட்டடம், எத்தனை வயது, குடியிருப்பா வணிகமா என்பதை வைத்துத்தான் இங்கே வரி போடுகிறார்கள். உங்களுக்கு முலுண்டில் பிளாட் இருப்பது நெல்லை மாநகராட்சிக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

உங்கள் மகன் சொன்னதும் பொய்யில்லை. அவர் இருக்கும் வேல்ஸில் 2023 ஏப்ரலில் இருந்து, யாரும் நிரந்தரமாக வசிக்காத இரண்டாவது வீட்டுக்கும் நெடுநாள் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் வழக்கமான கவுன்சில் வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்க உள்ளூர் கவுன்சில்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் இருந்து இரண்டாவது வீட்டுக்கு 100 சதவீதம் வரை கூட்டலாம். ஓராண்டு காலியாகக் கிடந்த வீட்டுக்குக் கூடுதல் வரி போடும் அதிகாரம் அதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. கடலோர ஊர்களில் வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வீடுகளை வாங்கிப் பூட்டி வைக்க, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பது அங்கே உள்ள சிக்கல். தவிர, அந்த வரியைச் சாதாரணமாகக் கட்டுவது வீட்டில் குடியிருப்பவர். ஆள் இல்லாத வீடு என்றால்தான் உரிமையாளர் தலையில் விழும். நம் ஊரில் குடியிருப்பவர் யாராக இருந்தாலும் சொத்து வரி உரிமையாளர் மேல்தான். இரண்டும் வேறு வேறு வரி. அங்கே வந்தது இங்கேயும் வரும் என்று வீட்டை விற்பது வீண் அவசரம்.

அப்படியானால் 1,200 எப்படி 2,100 ஆயிற்று? 2022 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டு நகர்ப்புறம் முழுக்கச் சொத்து வரியைச் சீராய்வு செய்தார்கள். சென்னையின் பழைய பகுதி நீங்கலாக மற்ற ஊர்களில் குடியிருப்புகளுக்கு வைத்த கணக்கு இது: 600 சதுர அடி வரை 25 சதவீதம் கூடுதல், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. நீங்கள் அனுப்பிய வரிக் கேட்பு அறிவிப்பின் நகலில் பாளை வீட்டின் பரப்பு 1,340 சதுர அடி என்று இருக்கிறது. 1,200 ரூபாயோடு 75 சதவீதத்தைக் கூட்டினால் 2,100 வந்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது, ஆண்டுதோறும் சிறிது உயர்த்த அதன்பின் செய்த ஏற்பாட்டால் வந்தது. 6 சதவீதம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அதுதான். வாடகைக்காரர் காலி செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் இன்றும் குடியிருந்தாலும் இதே தொகைதான் வந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. 2018 ஜூலையில் ஒரு சீராய்வு வந்தபோது சொந்தக் குடியிருப்புக்கு 50 சதவீதம், வாடகைக் குடியிருப்புக்கு 100 சதவீதம் என்று முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டுக்கும் 50 என்றார்கள். 2019 நவம்பரில் அதையும் நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பின்வரும் வரியில் கழித்துக்கொடுப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து வரி ஏறும் இறங்கும் என்ற பேச்சு அப்போது கிளம்பியதுதான். இன்னும் ஓயவில்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு உண்மையில் பணம் மிச்சமாகக்கூடிய இடம் இங்கேதான் இருக்கிறது. அந்த 1,340 சதுர அடி சரிதானா? வீட்டின் பழைய வரைபடமும் புகைப்படங்களும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். வரைபடத்தில் முன்பக்கம் வண்டி நிறுத்த 160 சதுர அடியில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை காட்டியிருக்கிறது. 2019 தேதியிட்ட புகைப்படத்தில் அந்தக் கொட்டகை இல்லை, வெறும் சிமெண்டுத் தரையும் நாலு குழாய்க் கால்களின் அடிக்கட்டையும்தான் தெரிகின்றன. கொட்டகையைக் கழித்தால் வீடு 1,180 சதுர அடி. அதாவது 1,200க்குள் வந்துவிடுகிறது. பரப்பு குறைவதால் பழைய வரியும் 1,057 ரூபாய்ப் பக்கம் இறங்கும். அதன்மேல் 75க்குப் பதில் 50 சதவீதம் கூட்டினால் சுமார் 1,585. அரையாண்டுக்கு 500 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், அதுவும் ஒரு முறையோடு முடியாமல் வருஷா வருஷம் தொடரும்.

ஆகவே மாநகராட்சி ஆணையர் பெயருக்கு, உங்கள் வார்டு வரும் மண்டல அலுவலகத்தில், பரப்பளவை மறு அளவீடு செய்து வரியைத் திருத்தக் கேட்டு ஒரு மனுக் கொடுங்கள். 2022 சீராய்வுக்கு முன்பே கொட்டகை பிரிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் மனுவின் உயிர். அந்தப் புகைப்படத்தையும், கொட்டகையைப் பிரித்து வாங்கிப் போனவரிடம் ஏதாவது சீட்டு இருந்தால் அதையும் இணையுங்கள். அளக்க வரும் அன்று உங்கள் தரப்பில் ஒருவர் சாவியோடு நிற்க வேண்டும். பூட்டிய வீட்டை வெளியே இருந்து பார்த்துக் குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போனால் அதைத் திருத்த இன்னொரு மனு, இன்னொரு நடை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மறு அளவீடு இரு பக்கமும் வெட்டும். மாடியில் பின்னால் போட்ட அறையோ, வரைபடத்தில் இல்லாத கழிப்பறையோ இருந்தால் அதுவும் டேப்பில் ஏறிவிடும். முதலில் நம் ஆளை வைத்து நாமே அளந்து பார்த்துவிட்டு மனுவைப் போடுவது நல்லது.

அடுத்தது காலி வீட்டுக்கான தள்ளுபடி. இப்படி ஒரு சலுகை இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 2023 வரை நடப்பில் இருந்த, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் 87ஆவது பிரிவு அது. ஓர் அரையாண்டுக்குள் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ கட்டடம் ஆளில்லாமல், வாடகைக்கும் விடப்படாமல் இருந்தால், காலியாக இருந்த நாள் கணக்குக்கு ஏற்றபடி, கட்டடத்துக்குரிய வரியில் பாதிக்கு மிகாமல் தள்ளுபடி கேட்கலாம் என்றது அந்தப் பிரிவு. சொந்தக் குடியிருப்பாக இருந்தாலும் சரி, வாடகை வீடாக இருந்தாலும் சரி. ஆனால் வீடு காலி என்று முன்கூட்டி எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தள்ளுபடி கேட்கும் மனுவை அந்த அரையாண்டிலோ அடுத்த அரையாண்டிலோ கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பின் கிடையாது. ‘மூன்று வருஷமாகப் பூட்டித்தான் கிடக்கிறது, சேர்த்துக் கழித்துக் கொடுங்கள்’ என்று போய் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பியது இதனால்தான்.

2023 ஏப்ரலில் பழைய நகராட்சிச் சட்டங்கள் எல்லாம் போய், மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொதுவாகத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதனால் மனுவில் பழைய பிரிவு எண்ணைப் போடாதீர்கள். செல்லாத சட்டத்தைக் காட்டி மனுவைத் திருப்ப நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். ‘இன்ன வரிவிதிப்பு எண் கொண்ட என் வீடு, வாடகைக்காரர் காலி செய்த இன்ன தேதி முதல் ஆளில்லாமல் இருக்கிறது. இதை அறிவிப்பாகப் பதிவு செய்து, காலியாக இருக்கும் காலத்துக்கு நடப்பு விதிகளின்படி வரித் தள்ளுபடி வழங்கி, எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறேன்’ என்று எழுதினால் போதும். ஒவ்வோர் அரையாண்டு தொடங்கும்போதும் புதிதாக ஒன்று கொடுங்கள். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், தபால் என்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பில் கலெக்டரிடம் வாயால் சொல்லி வைத்தது எந்தக் காலத்திலும் ஏறாது. அவரும் அடுத்த மாதமே வேறு வார்டுக்கு மாறியிருப்பார்.

காலி என்பதற்குச் சான்றாக மின்வாரிய அட்டையைப் போல உதவுவது வேறில்லை. ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு மாதத்துக்கொரு முறை ‘கதவு பூட்டு’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார், அல்லது அலகு பூஜ்யம் என்று இருக்கும். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணையுங்கள். வாடகைக்காரர் சாவி ஒப்படைத்த தேதியோடு ஒரு கடிதம் வாங்கியிருந்தால் அதையும் சேருங்கள். வாங்கவில்லை என்றால் இப்போதாவது கேட்டு வாங்குங்கள், மாதம் போகப் போக அவர் போனை எடுக்க மாட்டார்.

கல்லிடையில் பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் தங்குவதால் இந்த உரிமை கெட்டுப்போகாது. 30 நாள் தொடர்ச்சி என்பதுதான் கணக்கு. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான அரையாண்டில் கடைசி நாலு நாளைக் கழித்தாலும் ஐந்து மாதத்துக்கு மேல் தொடர்ந்து காலிதான். ஆனால் தார்சாவில் பக்கத்து வீட்டுக்காரர் நெல்மூட்டை அடுக்கியிருக்கிறார், மச்சில் யாரோ ஒரு பையன் தங்கிப் படிக்கிறான் என்றால், வாடகை வாங்காவிட்டாலும் அது காலி வீடு ஆகாது. விளக்கேற்ற வரும் ஆச்சியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

இத்தனையும் செய்து என்ன மிஞ்சும் என்று கேட்டால், பாளை வீட்டுக்கு அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தாலே பெரிது. மும்பையில் இருந்துகொண்டு இதற்காக அலைவது தேவையா என்று தோன்றலாம். நான் அந்த அறிவிப்பைக் கொடுக்கச் சொல்வது ஆயிரம் ரூபாய்க்காக மட்டுமில்லை. ஆளில்லாத வீட்டில் நாளைக்கு யாராவது வந்து ‘நான் இங்கே வாடகைக்கு இருக்கிறேன்’ என்று நின்றாலோ, வணிகப் பயன்பாடு என்று யாராவது எழுதிவிட்டாலோ, இந்தத் தேதியில் வீடு காலி என்று நீங்களே அரசு அலுவலகத்தில் கொடுத்த முத்திரைத் தாள் கையில் இருக்கும். தள்ளுபடி வராவிட்டாலும் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

தள்ளுபடியை நம்பி வரியை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். முழுத் தொகையையும் கட்டுங்கள், கிடைப்பதைப் பின்வரும் வரியில் வரவு வைத்துக்கொள்ளலாம். முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30க்குள்ளும், இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சம் 5,000 ரூபாய். உங்களுக்கு நூறு ரூபாய்ச் சொச்சம் கிடைக்கும். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. இணையத்திலேயே கட்டிவிடலாம், வரிவிதிப்பு எண் மட்டும் சரியாக இருக்க வேண்டும். பழைய ரசீதில் இருக்கும் எண்ணும் இப்போதைய எண்ணும் வேறாக இருந்தால் புதியதைக் கேட்டு வாங்குங்கள். சொத்து வரியோடு வரும் நூலக வரியைப் பார்த்து ‘நான் எந்த நூலகத்துக்குப் போனேன்’ என்று கேட்டிருந்தீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு அது, பூட்டிய வீட்டுக்கும் உண்டு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது பாளை மாவட்ட மைய நூலகத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டுப் போங்கள், கழிந்துவிடும். குடிநீர்க் கட்டணமும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும் தனிக் கணக்கு, அவற்றைக் காலி வீட்டு மனுவோடு கலக்க வேண்டாம். குடிநீர் இணைப்பைத் துண்டித்துவிடலாமா என்றால், என் பேச்சுக்கு வேண்டாம். மறுபடி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கல்லிடை பேரூராட்சி. அதுவும் நகர்ப்புற உள்ளாட்சிதான், மேலே சொன்ன அத்தனையும் அங்கும் பொருந்தும். பின்கட்டும் தொழுவும் 2023 டிசம்பரில் விழுந்தன என்றால் அன்றிலிருந்து, இல்லாத கட்டடத்துக்கும் சேர்த்து வரி ஏறிக்கொண்டிருக்கிறது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி அந்த அலுவலகத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் எது விழுந்தது என்பதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது வெள்ளச் சேத நிவாரணத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலர் எடுத்த குறிப்போ புகைப்படமோ இருந்தால் கெட்டியான சான்று.

மொத்தமாக இடித்தால் வரி நிற்குமா? கட்டட வரி நிற்கும், அதுவும் இடித்ததை எழுத்தில் தெரிவித்த பிறகு. அந்த இடத்துக்குக் காலிமனை வரி வந்து உட்காரும். நகர்ப்புற உள்ளாட்சி எல்லைக்குள் வெறும் மனைக்கும் வரி உண்டு. தவிர, கல்லிடைத் தெரு வீடு என்றால் இரண்டு பக்கமும் பொதுச்சுவராகத்தான் இருக்கும். ஜேசிபியை விட்டால் உங்கள் வீட்டோடு பக்கத்து வீட்டு அடுக்களைச் சுவரும் வந்துவிடும். அரையாண்டுக்கு 800 ரூபாய் வரிக்காக அந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். விழுந்த பின்கட்டை ஒழுங்காக அப்புறப்படுத்தி, நிற்கிற முன்கட்டின் ஓட்டை மாற்றி வையுங்கள்.

மருமகன் யோசனை பற்றி. நாள் வாடகைக்கு விட்டால் அது குடியிருப்பு என்ற கணக்கில் நிற்பது கஷ்டம். 2022 சீராய்வில் வணிகப் பயன்பாட்டுக்குச் சதுர அடி வித்தியாசம் பார்க்காமல் 100 சதவீதம் கூட்டியிருக்கிறார்கள், அடிப்படை மதிப்பும் குடியிருப்பைவிட அதிகம். மின்வாரியம் ஆய்வுக்கு வந்தால் வீட்டு இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்ற இடம் உண்டு. வீடுகளுக்கான இலவச யூனிட்டும் போய்விடும். சீசன் இரண்டு மூன்று மாதம், அதிலும் சனி ஞாயிறுதான் ஆள் வரும். மீதி நாளெல்லாம் வணிகத்துக்கான வரியையும் மின்கட்டணத்தையும் சுமக்க வேண்டும். பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் இல்லாத உங்களுக்கு இது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். பாளை வீட்டையாவது மறுபடி ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுங்கள். அதற்கு எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், 2019 பிப்ரவரியில் இருந்து அதுதான் சட்டம்.

மதினி பெயரில் உள்ள கிராமத்து வீடு ஊராட்சிக்குள் வருகிறது. அங்கே இருப்பது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி. தொகை சின்னது, இணையத்திலும் கட்டலாம். பூட்டியிருக்கிறது என்று விட்டுவைக்காமல் ஆண்டுதோறும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி வருமான வரி. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் மாநகராட்சியிடம் பயந்த விஷயம் உண்மையில் இருப்பது இங்கேதான். ஒருவருக்கு எத்தனை வீடு என்று கேட்பது வருமான வரிதான். சொந்த உபயோகத்துக்கு என்று இரண்டு வீடுகளை வாடகை மதிப்பு பூஜ்யம் என்று காட்டலாம். முன்பு ஒன்றுதான், 2019-20 நிதியாண்டில் இருந்து இரண்டு. மூன்றாவது வீட்டை, பூட்டியே கிடந்தாலும், வாடகைக்கு விட்டதாகவே பாவித்து, நியாயமாக வரக்கூடிய வாடகையை வருமானத்தில் சேர்க்க வேண்டும். இந்தப் பூஜ்யச் சலுகையிலும் முன்பு ஒரு முடிச்சு இருந்தது. வீட்டில் நீங்கள் குடியிருக்க வேண்டும், அல்லது வேலை, தொழில் நிமித்தம் வெளியூரில் இருப்பதால் குடியிருக்க முடியவில்லை என்று இருக்க வேண்டும். ஓய்வு பெற்று மும்பையில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அது இடித்துக்கொண்டே இருந்தது. 2025 நிதிச் சட்டம் அந்தக் காரணத்தை எடுத்துவிட்டது. எந்தக் காரணத்தால் குடியிருக்க முடியாவிட்டாலும் இரண்டு வீடு வரை பூஜ்யம்தான். 2024-25 நிதியாண்டுக் கணக்கில் இருந்தே இது பொருந்தும். 2026 ஏப்ரலில் வந்திருக்கும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் தொடர்கிறது.

உங்கள் கணக்கை இரண்டு ஆண்டுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடகைக்காரர் ஜனவரியில் போன அந்த நிதியாண்டில் பாளை வீட்டைச் சொந்த உபயோகம் என்று காட்ட முடியாது. ஆண்டில் ஒரு பகுதி வாடகைக்கு விட்டிருந்தாலே அந்தச் சலுகை கிடையாது. வந்த வாடகையைக் காட்டி, அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். காலியாக இருந்த மாதங்களுக்கு வராத வாடகையைச் சேர்க்க வேண்டாம். அந்த ஆண்டுக்கு முலுண்ட் பிளாட்டும் கல்லிடைப் பங்கும் பூஜ்ய வீடுகள்.

அடுத்த ஆண்டில் இருந்து முலுண்டையும் பாளையையும் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, மதிப்பு குறைந்த கல்லிடைப் பங்கை மூன்றாவது வீடாகக் காட்டுங்கள். எந்த இரண்டு என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. அந்த வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் வாடகை வரும் என்று வைத்தால் ஆண்டுக்கு 36,000, அதில் உங்கள் நாலில் ஒரு பங்கு 9,000. ஆண்டு வரி 1,600இல் உங்கள் பங்கு 400ஐக் கழித்தால் 8,600. அதில் 30 சதவீதமான 2,580ஐக் கழித்தால் 6,020 ரூபாய். வருமானத்தில் சேர்வது இவ்வளவுதான். சொத்து வரியை எந்த ஆண்டு கட்டுகிறீர்களோ அந்த ஆண்டில்தான் கழிக்க முடியும். பழைய பாக்கியைச் சேர்த்துக் கட்டினால் அதையும் சேர்த்தே கழிக்கலாம். மதினியின் வீடு அவர்கள் கணக்கு, உங்கள் எண்ணிக்கையில் வராது.

நாலில் ஒரு பங்கு என்று எழுதியதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கியிருப்பீர்கள். நீங்கள் மூன்று பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை. அப்படியானால் அம்மாவுக்கும் நாலு பிள்ளைகளுக்கும் சம பங்கு, அம்மாவுக்குப் பின் அவர் பங்கும் நால்வருக்கு. கோவில்பட்டித் தங்கைக்குக் கல்யாணச் செலவு செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்பதெல்லாம் குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது, சட்டத்தின் கணக்கில் வராது. அவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக இருந்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

இது வரி விஷயத்தோடும் ஒட்டியதுதான். கல்லிடை ரசீது இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது. பின்கட்டு விழுந்ததற்குப் பரப்பைத் திருத்தக் கேட்டாலும், காலி என்று அறிவிப்புக் கொடுத்தாலும், ‘உரிமையாளர் வரட்டும்’ என்றால் யார் போவது? இருவரின் இறப்புச் சான்றும் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றும் வைத்து நால்வர் பெயருக்கும் வரிவிதிப்பை மாற்றுங்கள். மனுவில் நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் தங்கையிடம் போன் செய்து பேசுவது முதல் வேலை. வரி பாக்கி நிற்கும்போது பெயர் மாற்ற மனுவைக் கையில்கூட வாங்க மாட்டார்கள். 2023இல் இருந்து நிற்கும் அரையாண்டுகளை வட்டியோடு கணக்குக் கேட்டு முதலில் கட்டிவிடுங்கள். அரையாண்டுக்கு 800 ரூபாய் என்பதால் வட்டி ஒன்றும் பெரிதாக இராது. ஓர் ஆண்டு தாமதத்துக்கு 96 ரூபாய்.